கம்பி போன வழி: ஒரு கிராமத்துக்கு இரண்டு தேதிகள்



சுத்துக்கேணி என்றதும் தொல்லியல் படித்தவர்களுக்குக் கசால் தம்பதியர் அகழ்ந்த பெருங்கற்காலத் தாழிகள் நினைவுக்கு வரும். பாசனம் தெரிந்தவர்களுக்கு ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுத்துக்கேணி வாய்க்கால் நினைவுக்கு வரும். மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றியும் மண்மேல் ஓடுவதைப் பற்றியும் எழுத ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் போகிற கம்பியைப் பற்றித்தான் நம்மில் யாரும் அதிகம் பேசியதில்லை. இன்று அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நான் போன ஊர்களில் எல்லாம் வயதானவர்களிடம் கேட்கிற கேள்வி அது: "உங்கள் ஊருக்குக் கரண்ட் எப்போது வந்தது?" ஊர்த்தெருவில் ஒரு பதில் வரும். பேட்டில் வேறு பதில் வரும். காலனி என்றும் பேட் என்றும் நாம் சொல்லிக்கொள்கிற குடியிருப்பு ஊர்த்தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பதிலுக்கும் நடுவில் சில இடங்களில் சில வருடம், சில இடங்களில் ஒரு தலைமுறை. "மோட்டாருக்கு வந்து ரொம்ப வருசம் கழிச்சுத்தான் நமக்கு வந்துச்சு" என்று ஒரு பெரியம்மா சொன்னார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துக்கு இரண்டு தேதி. அரசுப் பதிவேட்டில் ஒரே ஒரு தேதிதான் இருக்கும். அது ஊருடைய தேதி.

இரண்டாவது தேதி ஏன் பதிவாகவில்லை? யாரோ ஒரு அதிகாரி கெட்டவராக இருந்ததாலா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்கு எடுக்கும் முறையிலேயே அந்தத் தேதிக்கு இடம் இல்லாமல் இருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. அதை விளங்கிக்கொள்ள நாம் பாபாசாகேப் அம்பேத்கரிடம் போக வேண்டும். மின்சாரத்தைப் பேச வந்தவன் அம்பேத்கரை இழுக்கிறானே என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டின் மின்கொள்கையை முதலில் உட்கார்ந்து யோசித்தவர்களில் அவர் ஒருவர்.

1942 ஜூலையில் அவர் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். 1946 நடுப்பகுதி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தொழிற்சங்கம், வேலைநேரம், மகப்பேறு விடுப்பு ஆகியவற்றுக்காக அந்த நான்கு ஆண்டுகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். ஆனால் அந்தத் துறையின் கீழ்தான் பாசனமும் மின்சாரமும் இருந்தன. போருக்குப் பிந்தைய புனரமைப்புக்காக அமைக்கப்பட்ட கொள்கைக் குழுக்களில் பொதுப்பணிகளுக்கும் மின்சாரத்துக்குமான குழுவுக்கு அவர்தான் தலைவர். 1943 அக்டோபர் 25 அன்று புது டெல்லியில் அந்தக் குழுவின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை அவருடைய தொகுப்பு நூல்களின் பத்தாவது தொகுதியில் இருக்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். நம் அரங்குகளில் அதிகம் பேசப்படாத உரை அது.

அந்த உரையில் அவர் சில கேள்விகளை வரிசையாக வைக்கிறார். மின்சாரம் தனியார் உடைமையா, அரசு உடைமையா? தனியார் கையில் கொடுப்பதானால் பொதுமக்கள் நலனைக் காக்க என்ன நிபந்தனை போடுவது? பொறுப்பு மத்திய அரசுக்கா, மாகாணங்களுக்கா? மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க, வீணாகாமல் இருக்க, எந்த நிர்வாக முறை சரி? எண்பது வருடம் கழித்து இன்றும் இதே கேள்விகளைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைவிட முக்கியமாக, நமக்கு மின்சாரம் எதற்கு என்று அவர் கேட்கிறார். நிலத்தை மட்டுமே நம்பியிருக்கும் மக்கள்தொகை பெருகுகிறது, நிலம் பெருகவில்லை. வறுமையின் இந்தச் சுழலிலிருந்து வெளியேறத் தொழில்மயம்தான் வழி, தொழில்மயத்துக்கு மலிவான மின்சாரம் வேண்டும் என்பது அவர் வாதம். சிறு நிலவுடைமை பற்றி 1918இல் அவர் எழுதிய கட்டுரையிலேயே இதன் விதை இருக்கிறது.

நம் ஆட்கள் இதைப் பொருளாதார வாதமாக மட்டும் படித்துவிடக் கூடாது. நிலத்தை விட்டு வெளியே வா என்று சேரிக்காரனிடம் சொல்வதற்கு என்ன பொருள்? அந்த நிலம் அவனுடையது இல்லை. அவன் அதில் கூலி. கிராமத்தை விட்டு வெளியேறு என்று அவர் நமக்குச் சொன்னதும், நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று டெல்லியில் சொன்னதும் ஒரே மனிதரின் ஒரே யோசனை.

யோசனையோடு நிற்கவில்லை. 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் அவருடைய துறையின் கீழ் உருவானது. 1945 ஜனவரியில் கல்கத்தாவில் தாமோதர் பள்ளத்தாக்கு பற்றிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் வூர்டுயின் அந்த மின்வாரியத்துக்கு வந்து தாமோதர் திட்டத்தை வரைந்தார். 1948இல் மின்வழங்கல் சட்டம் வந்தபோது அம்பேத்கர் சட்ட அமைச்சர். மின்சாரத்துறை அவரிடம் இல்லை. ஆனாலும் மாநில மின்வாரியங்கள், மத்திய மின்சார ஆணையம் என்று அந்தச் சட்டம் கட்டிய வீட்டுக்கு அடித்தளம் போட்டது தொழிலாளர் துறையில் நடந்த அந்த வேலைதான். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பிணையம் என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு ஊருக்கு ஒரு மின்நிலையம் என்று இருந்த காலத்தில், அந்த நிலையம் நின்றால் ஊர் இருட்டு. பிரிட்டனில் 1926இல் ஒரு சட்டம் போட்டு, நல்ல மின்நிலையங்களை எல்லாம் 1,32,000 வோல்ட் கம்பிகளால் ஒன்றோடொன்று கோத்தார்கள். ஒரு நிலையம் படுத்தால் மற்றது தாங்கும். ஏன் அவ்வளவு உயர்ந்த அழுத்தம்? அழுத்தத்தைக் கூட்டினால் அதே மின்திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், வழியில் வெப்பமாக வீணாவது குறையும். அதற்காகத்தான் கோபுரம் வைத்து உயரத்தில் கொண்டுபோய், ஊர் எல்லையில் துணை மின்நிலையத்தில் இறக்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இன்னும் இறக்கி, வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கடைசி இறக்கத்தில்தான் நம் கதை இருக்கிறது. ஐநூறு கிலோமீட்டர் தாண்டி வந்த மின்சாரத்துக்குக் கடைசி ஐந்நூறு மீட்டரைத் தாண்டத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர் பஞ்சாலைகளுக்குப் போனது, அங்கிருந்து தோட்டக் கிணறுகளுக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராம மின்மயம் என்று நடந்ததில் பெரும்பகுதி பம்புசெட்டு மின்மயம். 1960களில் நாட்டிலேயே மின்மோட்டார் பம்புசெட்டுகள் அதிகம் இருந்த மாநிலம் தமிழ்நாடுதான். 1965 தொடங்கி இரண்டு வருடம் மழை பொய்த்து வடக்கே பஞ்சம் வந்தபோது, உணவு உற்பத்திக்கு மின்சாரம் என்பது நாடு முழுவதற்குமான கொள்கையானது. 1969இல் ஊரக மின்மயக் கழகம் அந்த நோக்கத்தோடுதான் தொடங்கியது.

இதில் தவறு என்ன, சோறு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் கம்பி போன வழியைப் பாருங்கள். கம்பி கிணற்றைத் தேடிப் போனது. கிணறு பட்டா நிலத்தில் இருந்தது. பட்டா யாரிடம் இருந்தது என்று இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லை. மோட்டார் கொட்டகையில் விளக்கு எரியும். அந்தக் கொட்டகைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் வீட்டில் சிம்னி விளக்கு எரியும். கேணியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மோட்டார் மின்சாரம் இலவசமானது. விவசாயத் தொழிலாளிக்கு அதில் என்ன கிடைத்தது? மோட்டார் இருந்தால்தானே இலவசம்.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. இந்த நிலப்பரப்பின் வடிவம் உங்களுக்குத் தெரியும். ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. கம்பத்தின் மேல் போகும் கம்பி எல்லை தாண்டும்போது துறை மாறும், கட்டணம் மாறும். தமிழ்நாட்டில் மின்வாரியம் வந்தது. இங்கே மின்சாரம் இன்றுவரை அரசுத்துறையாகவே இருக்கிறது. காரைக்காலில் இருக்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையத்தை விட்டால் புதுச்சேரிக்குச் சொந்த மின்நிலையம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம் என்று மத்திய நிலையங்களிலிருந்து வாங்கித்தான் எரிக்கிறோம். வில்லியனூரிலும் பாகூரிலும் இருக்கும் 230 கிலோவோல்ட் நிலையங்கள் அப்படி வருவதை வாங்கி இறக்கும் வாசல்கள்.

நெய்வேலியைச் சொன்னதால் ஒரு வார்த்தை. 1962இல் அங்கே முதல் அலகு ஓடத் தொடங்கியது. நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீடு பற்றி இன்றுவரை போராட்டம் நடக்கிறது. நிலமே இல்லாமல் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலின் தலையில் இருந்தது? 2020இல் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாத இடைவெளியில் இரண்டாவது அனல்மின் நிலையத்தின் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் கருகினார்கள். நம் வீட்டில் சுவிட்சைப் போடும்போது அந்த உடம்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இது தனி உரைக்கான விஷயம், இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். நாம் இன்று நினைவுகூரும் பெரியவர் உணர்ச்சியாகப் பேசுகிறவனை நிறுத்தி, "ஆணை எங்கே, தேதி எங்கே" என்று கேட்பவர். அவர் கேட்பார் என்ற நினைப்போடு தான் இந்தப் பகுதியைத் தயாரித்தேன்.

ஒரு கிராமம் மின்மயமானது என்று எப்போது சொல்வது? இதற்கு மத்திய அரசு வைத்திருந்த வரையறை மூன்று முறை வடிவம் எடுத்தது. முதல் வரையறை 1997 வரை இருந்தது. கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்மயமான கிராமம். எந்தக் காரியத்துக்காவது! வயல்காட்டில் ஒரே ஒரு மோட்டார் ஓடினால் போதும். ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லாவிட்டாலும் ஊர் மின்மயமாகிவிடும். அந்தப் பெரியம்மா சொன்ன "மோட்டாருக்கு வந்து ரொம்ப வருசம் கழிச்சு" என்பதன் அரசு வடிவம் இது. மோட்டாருக்கு வந்த நாளே கிராமத்துக்கு வந்த நாள்.

1997 அக்டோபரில் திருத்தினார்கள். வருவாய் எல்லைக்குள் இருந்தால் போதாது, மக்கள் குடியிருக்கும் பகுதியில் பயன்பட வேண்டும் என்றார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் குடியிருக்கும் பகுதி எது? ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் எரிந்தாலும் கணக்கு முடிந்தது. நம் கிராமங்கள் ஒரே குடியிருப்பு இல்லை, இரண்டு என்பது அந்த வரையறை எழுதியவர்களுக்குத் தெரியாதா? அந்தக் காகிதத்தில் இருப்பது ஒரே கிராமம்.

மூன்றாவது வரையறை 2004 பிப்ரவரியில் வந்தது. டிரான்ஸ்பார்மரும் மின்கம்பிகளும் குடியிருப்புப் பகுதியில் இருக்க வேண்டும்; தலித் குடியிருப்பு இருக்குமானால் அங்கேயும் இருக்க வேண்டும். பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் வேண்டும். குறைந்தது பத்து சதவீத வீடுகளுக்காவது இணைப்பு வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மின்மயமான கிராமம்.

தோழர்களே, மின்மயமான கிராமம் எது என்று சொல்லும் வரையறைக்குள் "தலித் குடியிருப்பு" என்ற சொல் நுழைந்தது 2004இல். நாடு சுதந்திரம் அடைந்து 57 வருடம் கழித்து. அம்பேத்கரின் அந்த டெல்லி உரைக்கு 61 வருடம் கழித்து. ஒரு சொல்லை நுழைக்க வேண்டி வந்தது என்றால், அதுவரை அந்தச் சொல் குறிக்கும் இடத்தை விட்டுவிட்டே கணக்கை முடிக்க வழி இருந்தது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். இதைவிடப் பெரிய வாக்குமூலம் நமக்குத் தேவையில்லை. அதிலும் பத்து சதவீதத்தைக் கவனியுங்கள். டிரான்ஸ்பார்மரும் கம்பியும் பேட் வரை வர வேண்டும், வீட்டுக்குள் வர வேண்டும் என்று இல்லை. நூறு வீட்டில் தொண்ணூறு வீடு இருட்டாக இருந்தாலும் கிராமம் மின்மயம்தான்; அந்தத் தொண்ணூறு எந்தப் பக்கம் இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமா?

2006இல் வந்த ஊரக மின்மயக் கொள்கை இன்னொரு காரியம் செய்தது. கிராமம் மின்மயமாகிவிட்டது என்ற சான்றிதழைக் கிராமப் பஞ்சாயத்தே கொடுக்க வேண்டும் என்றது. வேடிக்கை பாருங்கள், புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அதற்கு அடுத்தது 2006இல் நடந்தது. 38 வருட இடைவெளி. 2011இல் அந்தப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. தனித்தொகுதியில் நம் பெண் ஒருத்தி பஞ்சாயத்துத் தலைவராக உட்கார்ந்து, "பேட்டுக்கு இன்னும் லைன் வரவில்லை, கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லக்கூடிய நாற்காலியே இங்கே பெரும்பாலான காலம் காலியாக இருந்தது. மத்திய அட்டவணைகளில் புதுச்சேரி வெகுகாலமாகவே நூறு சதவீதம் மின்மயமான பகுதி. நூறு சதவீதத்துக்குப் பிறகு கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

இதை எல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1948 நவம்பர் 4. அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்து அம்பேத்கர் பேசிய நாள். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்குப் பதில் சொல்லும்போது, இந்த வரைவு கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டிருப்பதில் மகிழ்ச்சி என்று அவர் சொன்னார். அன்று பலருக்குக் கோபம் வந்தது. இன்றும் வருகிறது. ஆனால் மின்சாரக் கணக்கை எடுத்துப் பாருங்கள், அவர் எதைச் சொன்னார் என்று புரியும். அரசியல் சட்டம் தனிமனிதரை அலகாக எடுத்தது. மின்துறை கிராமத்தை அலகாக எடுத்தது. கிராமத்தை அலகாக எடுத்த இடத்தில் ஊர் மட்டும் தெரிந்தது, சேரி மறைந்தது. 2017இல் வந்த சௌபாக்யா திட்டம் வீட்டை இலக்காக எடுத்தது. 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங்கில் விளக்கு எரிந்ததோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டன என்று கொண்டாடினார்கள். கொண்டாடிய அன்றும் வீடுகளின் கணக்கு பாக்கி இருந்தது.

சரி, வீட்டுக்கு வந்த மின்சாரம் எப்படி வந்தது? நம் வீடுகளுக்கு அது பெரும்பாலும் ஒரு விளக்காக வந்தது. மத்திய அரசின் குடிர் ஜோதி திட்டம் 1988-89இல் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் குடிசைக்கு ஒற்றை விளக்கு. தமிழ்நாட்டில் குடிசை இணைப்பு. புதுச்சேரியின் கட்டண ஆணைகளில் "ஒரு குடிசை ஒரு விளக்கு" என்றே ஒரு வகை உண்டு. அதை நான் இழித்துப் பேச மாட்டேன். அந்த ஒரு விளக்கின் கீழே படித்துத்தான் இந்த அவையில் இருக்கும் பலர் பட்டம் வாங்கினீர்கள். பரேல் சாலின் ஒற்றை அறையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஒரு பையனை நாம் தலைவராக ஏற்றவர்கள். ஆனால் 40 வாட் விளக்கு என்றால் என்ன என்று யோசியுங்கள். அதில் தறி ஓடாது, தையல் மோட்டார் ஓடாது, மாவு அரைக்க முடியாது. நிலத்திலிருந்து விடுதலை பெற மின்சாரம் என்று அம்பேத்கர் சொன்னார். நிலம் வைத்திருந்தவனுக்கு மோட்டார் ஓட்டும் மின்சாரம் போனது, நிலமில்லாதவனுக்கு இரவில் முகம் பார்க்கும் மின்சாரம் வந்தது. அவர் கேட்டதற்கு நேர் எதிராக அல்லவா பங்கீடு நடந்திருக்கிறது?

இணைப்புக்கு விண்ணப்பித்தால் முதலில் கேட்பது பட்டா. புறம்போக்கில் குடியிருப்பவன் பட்டாவுக்கு எங்கே போவான்? எங்கள் வீட்டிலேயே அப்பா ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் நடந்து செருப்பு தேய்ந்தது. களத்தில் வேலை செய்யும் தோழர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளரோ அல்லது அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்பு தர வேண்டும் என்கிறது. புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தால் மட்டும் கூடுதல் கால அவகாசம். குடியிருப்பவர் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. மின்சாரம் அடிப்படைத் தேவை, வீட்டுக்காரர் தடையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைக்கு இருப்பவருக்கு அதை மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

கம்பி தலைக்கு மேலா, மண்ணுக்கு அடியிலா என்பதிலும் இந்த வரலாறு தொடர்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. அன்று சாய்ந்த கம்பங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு முதலில் வரும், லைனின் கடைசியில் இருப்பவனுக்குக் கடைசியில் வரும். இதில் சாதி எங்கே, பொறியியல்தானே என்பார்கள். லைனின் கடைசியில் யாரைக் குடியமர்த்தினார்கள் என்பதில் இருக்கிறது சாதி. இரண்டாவது தேதியில் வந்த கம்பி முதல் தேதியில் வந்த கம்பியின் வாலில் கட்டப்பட்டது. அதனால்தான் பேட்டில் வோல்டேஜ் குறைவு, டியூப்லைட் கண் சிமிட்டும். ஒரு கம்பம் எங்கே விழுந்தாலும் முதலில் அணைவது நாம், கடைசியில் எரிவதும் நாம்.

புயலுக்குத் தீர்வு புதைவடம் என்று பேச்சு வந்தது. உலக வங்கிக் கடனில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் கம்பியை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகும் திட்டம் வந்தது. புதுச்சேரியில் புல்வார் பகுதிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், பிறகு நம் தெருவில் வந்து அண்ணாந்து பாருங்கள். புதைவடத்துக்குச் செலவு பல மடங்கு. வெட்டவெளிக் கம்பிக்குக் காற்றே உறை. மண்ணுக்குள் போனால் வடத்துக்குக் காப்புறை வேண்டும், வெப்பம் போக வழி வேண்டும், பழுது வந்தால் தோண்ட வேண்டும். எல்லா இடத்திலும் புதைக்க முடியாது என்று பொறியாளர்கள் சொல்வது பொய்யில்லை. எந்த இடத்தில் முதலில் புதைப்பது என்று முடிவு செய்யும் மேசையில் நாம் இல்லை, அவ்வளவுதான். கூரைக்குக் கைநீட்டும் தூரத்தில் கம்பி தொங்கும் தெருக்களை முதலில் எடுத்தால் செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு மதிப்பீடாவது போட்டுக் காட்டச் சொல்லலாம்.

இதற்கிடையில் பிணையம் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 ஜூலை இறுதியில் வட இந்தியா முழுக்க இருண்டபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்மண்டலப் பிணையம் அப்போது தனித் துடிப்பில் ஓடியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தெற்கையும் சேர்த்தார்கள். இன்று லடாக் முதல் இந்தச் சுத்துக்கேணி வரை ஒரே 50 ஹெர்ட்ஸ் துடிப்பு. 1943இல் மாகாணங்களுக்கு மேலே நின்று யோசிக்கச் சொன்னவரின் கனவு இயந்திர அளவில் நிறைவேறியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதே உரையில் அவர் கேட்ட முதல் கேள்வி, யாருடைய உடைமை என்பது, இப்போது நம் வாசலுக்கு வந்திருக்கிறது. 1947இல் அவர் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும் என்றது. 2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகம் தனியார்மயம் ஆகும் என்று மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். 2022 செப்டம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு டெண்டர் விட்டபோது மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சண்டிகரில் 2025 பிப்ரவரி 1 அன்று கைமாறியே விட்டது. இந்தப் போராட்டத்தைச் சம்பளப் பிரச்சினை என்று நம் இளைஞர்கள் ஒதுங்கி நின்று பார்த்தது எனக்கு வருத்தம். அரசுத்துறை என்றால் இடஒதுக்கீடு உண்டு. நம் பையன் ஒயர்மேனாக, ஜூனியர் இன்ஜினியராக ஊர்த்தெருக் கம்பத்தில் ஏறி நின்றது அந்த வழியில்தான். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாத வீட்டுக்காரர், பியூஸ் போனால் "தம்பி, கொஞ்சம் பாருப்பா" என்று கூப்பிட வேண்டி வந்தது. தனியார் நிறுவனத்துக்கு அந்தக் கடமை எதுவும் சட்டத்தில் இல்லை. கம்பத்தில் ஏறப்போவது அப்போதும் நம் பையன்தான், ஒப்பந்தக் கூலியாக.

முன்கட்டண மீட்டர் வந்தால் கதை இன்னும் மாறும். மாதக் கட்டணத்துக்குத் தவணை கேட்கலாம், லைன்மேனிடம் இரண்டு நாள் கெஞ்சலாம். காசு தீர்ந்ததும் தானே அணைகிற மீட்டரிடம் என்ன கேட்பது? நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில், விளக்கு எப்போது அணையும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இந்த மூன்று கொம்யூன்களில் ஒவ்வொரு பேட்டுக்கும் மின்சாரம் வந்த தேதியைச் சேகரியுங்கள். எந்த அலுவலகத்திலும் அது ஒரே இடத்தில் கிடைக்காது. ஆனால் வீடுகளில் இருக்கிறது. தகரப்பெட்டியில் பழைய கட்டண அட்டை இருக்கும், அதில் இணைப்பு எண் இருக்கும். எண் வரிசை முன்பின் பார்த்தால் எந்த வீட்டுக்கு முன்னால் எந்த வீட்டுக்கு வந்தது என்று தெரிந்துவிடும். டிரான்ஸ்பார்மரின் தகட்டில் தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். வேலிக்கு வெளியே நின்று படித்துக்கொள்ளுங்கள், உள்ளே போக வேண்டாம். அட்டை இல்லாத வீட்டில் பாட்டியிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளை பிறந்தபோது விளக்கு இருந்தது, எந்தப் பிள்ளை பிறந்தபோது இல்லை என்று அவர் சொல்லுவார். அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும். ஊரின் தேதியை ஒரு பத்தியிலும் பேட்டின் தேதியை அடுத்த பத்தியிலும் எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்தப் பட்டியலை இங்கே வாசிப்போம்.

ஜெய்பீம்.